வில்லும் கடிவாளமும்

சத்தீஸ்கர் மாநிலத்தின் எஃகு நகரமான பிலாயில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்காட்டாக மனத்தில் கொள்ளலாம். ஜூன் மாதத்து இரவு. பதினேழு வயது மகள் கணினியின் முன் அமர்ந்திருக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்து மாதங்கள் கடந்துவிட்டன; அவளுடைய வேலை மட்டும் முடியவில்லை. திரையில் ஒரு விண்ணப்பம் திறந்திருக்கிறது. ஒளிப்படத்தின் அளவு பொருந்தவில்லை என்று அது மூன்றாம் முறையாகத் திருப்பி அனுப்புகிறது. தாய் ஒரு குவளைப் பாலைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறார். “எந்தப் படிப்பை முதலில் வைத்திருக்கிறாய்?” என்று கேட்கிறார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே மகள் சொல்கிறாள்: “நீயே ஏதாவது ஒன்றைப் போட்டு அனுப்பிவிடு, அம்மா. எதுவானாலும் எனக்குச் சரி.”

இன்று நாடெங்கும் பல இல்லங்களில் இந்தச் சொற்கள் ஒலிக்கின்றன. இவற்றைக் கேட்கும் பெற்றோருக்கு இரண்டு விதமான எண்ணங்கள் எழுவதுண்டு. “இவ்வளவு செலவு செய்தும் அக்கறையே இல்லையே” என்ற சினம் ஒன்று. “நல்லதாகப் போயிற்று, நாமே முடிவு செய்துவிடலாம்” என்ற நிம்மதி மற்றொன்று. இரண்டுமே மகளின் சொற்களைச் சரியாகக் கேட்காததால் வருபவை. எல்லாவற்றிற்கும் சரி என்று தலையாட்டுவது சம்மதமாகிவிடாது. அது களைத்த மனத்தின் குரல். அந்தக் குரலுக்குப் பெற்றோர் எவ்வாறு மறுமொழி தருகிறார்கள் என்பதைப் பொறுத்தே அடுத்த நான்கு ஆண்டுகளின் படிப்பும், பல நேரங்களில் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையேயான உறவும் அமைகின்றன.

களைப்பின் வேர்கள்

முந்தைய தலைமுறையினர் கல்லூரிக்கு விண்ணப்பித்த முறை வேறு. இரண்டு மூன்று விண்ணப்பப் படிவங்களை வாங்கி நிரப்பி, வங்கி வரைவோலையுடன் அஞ்சலில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்கள். “நாங்களும் இதைக் கடந்துதானே வந்தோம்” என்று அவர்கள் கூறும்போது, தம் பிள்ளை கடக்கும் பாதையின் நீளத்தை அவர்கள் அறிந்திருப்பதில்லை.

இன்றைய நாள்காட்டி நீண்டது. பொறியியலுக்கான ஜே.இ.இ. மெயின் தேர்வுக்கான பதிவு, வழக்கமாக முந்தைய ஆண்டின் இறுதி மாதங்களிலேயே தொடங்கிவிடுகிறது. ஜனவரியில் அதன் முதல் கட்டம். பிப்ரவரி, மார்ச்சில் வாரியத் தேர்வு. ஏப்ரலில் இரண்டாம் கட்டம். அதன் பின் நீட், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கென 2022ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட க்யூட், அறிவியல் ஆய்வு நிறுவனங்களான ஏழு ஐசர்களுக்கான தனித் தேர்வு, மாநில அளவிலான சேர்க்கை, தனியார் பல்கலைக்கழகங்களின் சொந்தத் தேர்வுகள். தேர்வுகள் முடிந்ததும் கலந்தாய்வு தொடங்குகிறது. 23 ஐ.ஐ.டி.கள், 31 என்.ஐ.டி.கள் உள்ளிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு 2015ஆம் ஆண்டு முதல் ஒரே கூட்டுக் கலந்தாய்வு நடைபெறுகிறது; அது மட்டுமே பல சுற்றுகளாக வாரக்கணக்கில் நீள்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் முயலும் மாணவர், ஏறத்தாழ பத்து மாதங்கள் ஏதோ ஒரு கடைசித் தேதியின் நிழலிலேயே வாழ்கிறார்.

நாட்களின் நீளம் முதல் வேர். இரண்டாவது வேர், ஓயாமல் முடிவெடுக்க வேண்டியிருப்பது. எந்த ஊர், எந்தப் பிரிவு, எந்தக் கல்லூரி, எவ்வளவு கட்டணம் என்று நூற்றுக்கணக்கான தெரிவுகளை ஒரே வாரத்தில் வரிசைப்படுத்த வேண்டியிருக்கிறது. சுவைத்தே அறியாத நூறு பண்டங்களைச் சுவையின்படி வரிசைப்படுத்தச் சொல்வதற்கு ஒப்பானது அது. மூன்றாவது வேர், மீண்டும் மீண்டும் எடை போடப்படுவது. ஒவ்வொரு முடிவும் ஓர் எண்ணாக வருகிறது. எண் வந்த மறுகணமே உறவினரின் தொலைபேசியும் வருகிறது. நான்காவது வேர், காத்திருத்தல். படிக்கும்போது மாணவரின் கையில் ஏதோ ஒரு செயல் இருந்தது. காத்திருக்கும்போது அதுவும் இல்லை. உழைப்பைவிட மனத்தை அதிகம் தளர்த்துவது இந்தச் செயலற்ற காத்திருப்பே.

இந்த நான்கு வேர்களையும் அறிந்தவர் பிள்ளையைச் சோம்பேறி என்று அழைக்கமாட்டார். சோம்பல் உழைப்பதற்கு முன்னரே வருவது. இந்தக் களைப்போ நெடுநாள் உழைத்த பின் வருவது. சோம்பலுக்குத் தூண்டுதல் மருந்தாகலாம். களைப்புக்கு அது நஞ்சு.

சாரதியின் பணி

குருக்ஷேத்திரத்தின் தொடக்கத்தில் அர்ஜுனனுக்கு நேர்ந்ததும் ஒரு தளர்ச்சியே. உடல் நடுங்குகிறது, வில் கையிலிருந்து நழுவுகிறது, தேர்த்தட்டில் அமர்ந்துவிடுகிறான். அவன் கோழையல்லன், பல்லாண்டுகள் பயின்றவன். அப்போது அவனுடைய சாரதி நடந்துகொண்ட முறை பெற்றோர் கருதிப் பார்க்கத் தக்கது. கீதையின் முதல் அத்தியாயத்தின் பிற்பகுதியில் அர்ஜுனனின் கலக்கமே பேசுகிறது. கண்ணனோ தேரை நிறுத்தி, எதிரே நிற்பவர்களைப் பார் என்று சொல்வதோடு சரி. மற்ற நேரமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவன் தன் துயரத்தைச் சொல்லி முடித்த பின்னரே உபதேசம் தொடங்குகிறது.

எழுநூறு சுலோகங்களின் முடிவிலும், எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்த்துத் தீர்மானிக்கும் பொறுப்பு அர்ஜுனனிடமே விடப்படுகிறது. சாரதி கடிவாளத்தைப் பிடித்தார், குதிரைகளைக் காத்தார், தேரைச் சரியான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். வில்லை மட்டும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

விண்ணப்பக் காலத்தில் பெற்றோரின் இடமும் இதுவே. கடிவாளத்தின் பாரம் அவர்களுடையது. வில் பிள்ளையினுடையது.

எதைச் சுமக்கலாம்?

விண்ணப்பம் என்பதில் இருவேறு பணிகள் கலந்திருக்கின்றன. ஒன்று எழுத்தர் பணி. மற்றொன்று தெரிவு செய்யும் பணி. இவை இரண்டும் ஒரே தோளில் விழுவதாலேயே பிள்ளைகள் சோர்கிறார்கள். முதலாவதைப் பெற்றோர் தாராளமாகப் பகிர்ந்துகொள்ளலாம்.

எல்லாக் கடைசித் தேதிகளையும் ஒரு பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவது, ஒளிப்படத்தையும் கையொப்பத்தையும் வெவ்வேறு அளவுகளில் முன்கூட்டியே தயாரித்து ஒரே கோப்பில் வைப்பது, சாதி, வருமான, இருப்பிடச் சான்றிதழ்களைக் குறித்த காலத்தில் பெற்றுவருவது, கட்டணம் செலுத்திய ரசீதுகளைச் சேர்த்துவைப்பது ஆகியவை பெற்றோரின் பணிகளாகலாம். இணைய மையத்தில் பதிவு செய்வோர் ஒன்றில் கவனமாக இருத்தல் வேண்டும். கடை நடத்துபவரின் கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிட்டால், பின்னர் வரும் ரகசிய எண்கள் எல்லாம் அவருக்கே செல்லும். கலந்தாய்வு நாளில் மாணவர் தம் கணக்கையே திறக்க முடியாமல் தவிக்க நேரிடும். கைப்பேசி எண்ணும் கடவுச்சொல்லும் குடும்பத்தினரிடமே இருக்க வேண்டும்.

பணம் பற்றிய கவலையும் பெற்றோர் சுமக்க வேண்டிய ஒன்றே. “இன்றே முன்பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும்” என்று சில நிறுவனங்கள் அவசரப்படுத்துவதுண்டு. 2024-25ஆம் கல்வியாண்டுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த கொள்கையின்படி, செப்டம்பர் 30ஆம் தேதிக்குள் விலகும் மாணவருக்கு முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் தம்மிடம் நிறுத்தி வைத்துக்கொள்ளலாகாது என்றும் அக்குழு 2018ஆம் ஆண்டிலேயே அறிவித்துள்ளது. தம் ஆண்டுக்குரிய விதியைப் படித்தறிந்து பெற்றோர் அமைதியாக இருந்தால், அந்த அமைதி பிள்ளைக்கும் பரவும்.

வீட்டின் பொருளாதார எல்லையையும் மறைக்க வேண்டியதில்லை. “ஆண்டுக்கு இவ்வளவுதான் நம்மால் இயலும்” என்று தொடக்கத்திலேயே அன்போடு சொல்லப்படும் உண்மை பாரமாவதில்லை. இடம் கிடைத்த பிறகு வெளிப்படும் உண்மையே பிள்ளையை நொறுக்குகிறது.

எதைச் சுமக்கலாகாது?

விருப்ப வரிசையை அமைப்பது பிள்ளையின் வேலை. இங்கே ஒரு நுட்பத்தைக் குடும்பத்தினர் அறிந்திருப்பது நல்லது. “கிடைக்காததை முதலில் வைத்தால் கிடைப்பதும் போய்விடும்” என்ற அச்சம் பலரிடம் இருக்கிறது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. கூட்டுக் கலந்தாய்வில் அந்த அச்சத்திற்கு இடமில்லை. மாணவரின் தரவரிசைக்கு எட்டக்கூடியவற்றுள் அவருடைய பட்டியலில் எது மேலே இருக்கிறதோ அதுவே ஒதுக்கப்படுகிறது. எட்டாத ஒன்றை முதலிடத்தில் வைத்ததற்காகக் கீழே உள்ள இடம் பறிபோவதில்லை. ஆகவே உண்மையான விருப்பத்தை உண்மையான வரிசையில் எழுதுவதே அங்கே சிறந்த உபாயம், தந்திரம் தேவையில்லை.

ஆனால் உண்மையான விருப்பம் எது என்று அறிவதே கடினம். களைத்த நேரத்தில் அது புலப்படாது. அதனால்தான் முடிவெடுக்கும் உரையாடலை இரவு பதினொரு மணிக்கு வைத்துக்கொள்ளலாகாது. வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் என்று குறித்துக்கொண்டு, அந்த நேரத்தில் மட்டும் கல்லூரியைப் பற்றிப் பேசுவது என்ற நியமம் பெரிதும் உதவும். மற்ற நேரங்களில், உணவு மேசையிலும் பயணத்திலும் அந்தப் பேச்சுக்கு விடுமுறை. “என்ன ஆயிற்று?” என்று நாளுக்குப் பத்து முறை கேட்கப்படும் கேள்வி, அன்பினால் பிறந்தாலும், விசாரணையாகவே காதில் விழுகிறது.

தன் அச்சத்தைப் பிள்ளையின் மேல் ஏற்றுவதும் பெற்றோர் தவிர்க்க வேண்டிய ஒன்று. தமக்குக் கிடைக்காத படிப்பு, அலுவலகத்தில் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ளத் தக்க கல்லூரிப் பெயர், அண்டை வீட்டுப் பிள்ளையின் தரவரிசை ஆகியவை பெற்றோரின் சுமைகள். இவற்றைத் தனியே அமர்ந்து, “இந்த ஆசை யாருடையது?” என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டு, பெற்றோரே இறக்கிவைக்க வேண்டும்.

உடலுக்கும் ஓர் ஓய்வு

மனத்தின் களைப்பில் பாதி உடலினுடையது. வளரிளம் பருவத்தினருக்கு நாள்தோறும் எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை என்பது மருத்துவர்களின் பரிந்துரை. இப்பருவத்தில் உறக்கம் வரும் நேரம் இயற்கையாகவே சற்றுப் பின்தள்ளிப் போகிறது. அதை அறியாமல் இரவில் கண்விழிக்க விட்டு, அதிகாலையில் தட்டி எழுப்பினால் நினைவாற்றலும் பொறுமையும் ஒருங்கே குறையும். ஒழுங்கான உறக்கம், வெயிலும் காற்றும் படும் ஒரு நடை, குடும்பத்தோடு ஒரு வேளை உணவு, வீட்டில் ஒரு சிறு வேலை ஆகியவை கலந்தாய்வுக் காலத்தில் வீணாகும் நேரம் அல்ல. செடிக்கு நீர் ஊற்றும் பொறுப்புகூட, எண்களால் அளக்கப்படாத ஒரு பயனைத் தன்னால் தர இயலும் என்று பிள்ளைக்கு நினைவூட்டுகிறது.

கிடைக்காத நாளில்

எவ்வளவு உழைத்தாலும் சிலருக்கு விரும்பிய இடம் கிடைக்காது. 2021ஆம் ஆண்டு தில்லிப் பல்கலைக்கழகத்தின் சில கல்லூரிகளில் சில படிப்புகளுக்கு முதல் பட்டியலின் தகுதி மதிப்பெண் நூற்றுக்கு நூறாக இருந்தது. அங்கே 99 விழுக்காடு பெற்றவரும் வெளியே நின்றார். அத்தகைய எண், நிற்பவரின் தகுதியைவிட இடங்களின் பற்றாக்குறையையே அதிகம் காட்டுகிறது.

பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம் தம் இளமையில் விமானப் படையில் விமானியாக விரும்பினார். டேராடூனில் நடந்த தேர்வில் எட்டு இடங்கள் இருந்தன. அவர் ஒன்பதாவதாக வந்தார். மனமுடைந்த அவர் ரிஷிகேசம் சென்று சுவாமி சிவானந்தரைச் சந்தித்ததைத் தம் சுயசரிதையான ‘அக்னிச் சிறகு’களில் பதிவு செய்திருக்கிறார். சுவாமிஜி அந்த இளைஞரின் சமயத்தைக் கேட்கவில்லை, மதிப்பெண்ணையும் கேட்கவில்லை, துயரத்தின் காரணத்தைக் கேட்டார். கேட்ட பின்னரே, இந்தத் தோல்வியைத் தமக்கென அமைந்த வேறொரு பாதையின் பகுதியாக ஏற்கும்படி தேற்றினார். 1958ஆம் ஆண்டு கலாம் வேறொரு துறையில் பணியில் சேர்ந்தார். அந்தப் பாதை எங்கே சென்றது என்பதை நாடு அறியும்.

இந்நிகழ்ச்சியைப் பெற்றோர் சொல்லும் முறையிலும் கவனம் வேண்டும். முடிவு வந்த அன்றே, “கலாமுக்குக்கூடக் கிடைக்கவில்லை” என்று தொடங்கினால் அது பிள்ளையின் வாயை அடைப்பதாகும். தோற்றவர் எல்லோரும் கலாம் ஆகவேண்டும் என்ற புதிய கட்டாயமாகவும் அது மாறிவிடும். முதல் நாள் அருகில் அமர்ந்திருத்தலே போதுமானது. வழிகளைப் பற்றிய பேச்சு பின்னர் வரட்டும். வழிகளும் இருக்கின்றன: ஜே.இ.இ. மெயின் தேர்வை மூன்று தொடர் ஆண்டுகள் எழுதலாம். நீட் தேர்வுக்கான உச்ச வயது வரம்பு 2022ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. இளங்கலையில் வேறு துறை பயின்று முதுகலையில் விரும்பிய நிறுவனத்தை அடைந்தோரும் பலர். ஆனால் மறுமுறை எழுதுவதா வேண்டாமா என்பதைக் களைப்பு நீங்கிய பின்னரே தீர்மானிக்க வேண்டும்.

எச்சரிக்கை தேவைப்படும் இடம்

சில வேளைகளில் களைப்பு எல்லை கடந்துவிடுகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் நம் நாட்டில் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். எல்லாவற்றுக்கும் தேர்வே காரணம் அன்று. ஆயினும், ஒரு குழந்தைகூடக் கல்லூரி இடத்தைத் தன் உயிரினும் மேலாக எண்ணும்படி எந்த இல்லமும் இருத்தலாகாது. மாணவர்களின் மனநலம் காக்கப் பயிற்சி மையங்களும் கல்வி நிறுவனங்களும் கடைப்பிடிக்க வேண்டிய நெறிமுறைகளை 2025ஆம் ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. இல்லத்தின் நெறிமுறையைப் பெற்றோரே வகுக்க வேண்டும்.

இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமோ பசியோ கெடுதல், நண்பர்களை அறவே தவிர்த்தல், விரும்பிய பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல், “நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி” என்பது போன்ற பேச்சு ஆகியவற்றைச் சாதாரணமாக விடலாகாது. “உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?” என்று கனிவோடு நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை. மாறாக, அடைபட்ட துயரத்திற்கு ஒரு வாசல் திறக்கிறது. அத்தகைய பிள்ளையைத் தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். 2022ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி, தமிழிலும், ஆலோசனை பெறலாம்.

மீண்டும் அந்த இல்லத்தில்

பிலாயில் அந்தத் தாய் என்ன செய்தார்? கடைசித் தேதிக்கு இன்னும் இரண்டு நாட்கள் இருந்தன. “இன்றைக்குப் போதும்” என்று கூறிக் கணினியை மூடச் சொன்னார். மறுநாள் காலையில் தந்தை ஒளிப்படத்தையும் சான்றிதழ்களையும் சரியான அளவில் அமைத்துத் தந்தார். அவருக்கு மகள் கணினிப் பொறியியல் படிக்க வேண்டும் என்ற ஆசை. ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் முன்பணம் கட்டவும் அவர் எண்ணியிருந்தார். முந்தைய இரவில் தம் மனைவியிடம் பேசியபோதுதான், அந்த ஆசையின் பின்னே தம்முடைய பழைய ஏமாற்றம் ஒன்று இருப்பது அவருக்குத் தெரிந்தது.

மாலையில் மூவரும் அமர்ந்தனர். தாய் கேட்டது ஒரே கேள்வி: “மதிப்பெண், சம்பளம், ஊர் எதையும் நினைக்காமல் சொல். எதைப் பற்றிப் படிக்கும்போது உனக்கு நேரம் போவது தெரியவில்லை?” வெகுநேரம் பதில் வரவில்லை. தாயும் தந்தையும் அந்த மௌனத்தை நிரப்ப முற்படவில்லை. பிறகு மகள் எழுந்து சென்று ஒரு பழைய தகரப் பெட்டியைக் கொண்டுவந்தாள். சிறு வயதில் தல்லி ராஜஹரா இரும்புச் சுரங்கப் பகுதிக்குத் தந்தையோடு சென்றபோது பொறுக்கிய கற்கள் அதில் இருந்தன. அங்கிருந்து வரும் தாதுதான் தந்தையின் ஆலையில் எஃகாகிறது. “இந்தக் கல் ஏன் சிவப்பு, இது எத்தனை கோடி ஆண்டுப் பழையது என்றுதான் எனக்குத் தெரிய வேண்டும், அப்பா” என்றாள்.

பாறைகளையும் தாதுக்களையும் ஆராயும் நிலவியல், பட்டியலின் முதல் சில இடங்களுக்கு உயர்ந்தது. கணினிப் பொறியியலும் அதில் இருந்தது. அதை அவளே ஐந்தாம் இடத்தில் வைத்தாள். தந்தை ஒன்றும் சொல்லாமல் அந்த வரிசையை ஒருமுறை உரக்கப் படித்தார். இறுதிப் பொத்தானை அழுத்தியது மகளின் விரல்.

அவளுக்கு எந்த இடம் கிடைத்தது என்பது அடுத்த மாதத்துச் செய்தி. அன்று இரவு நெடுநாட்களுக்குப் பின் அவள் பத்து மணிக்கே உறங்கச் சென்றாள் என்பதே அந்த வீட்டாருக்கு அன்றைய பெரும் பேறாக இருந்தது.

சிந்தனைக்கும் பயிற்சிக்கும்

1. பிள்ளையின் விண்ணப்பப் பணிகளுள் எழுத்தர் பணி எது, தெரிவு செய்யும் பணி எது என்று பிரித்துத் தனித்தனியே எழுதுக. முதல் பட்டியலிலிருந்து பெற்றோர் இன்றே ஏற்கக்கூடிய மூன்றைக் குறிக்கவும்.

2. கல்லூரியைப் பற்றிப் பேச வாரத்தில் ஒரு மணி நேரத்தைக் குடும்பமாகக் கூடி நிர்ணயிக்கவும். மற்ற நேரங்களில் அப்பேச்சை எடுப்பதில்லை என்ற நியமத்தை ஒரு மாதம் கடைப்பிடிக்கவும்.

3. “இந்த ஆசை யாருடையது?” என்ற கேள்வியைத் தந்தையும் தாயும் தனித்தனியே எழுதி விடை காண்க. விடையைப் பிள்ளையிடம் காட்ட வேண்டியதில்லை.

4. பிள்ளை பேசும்போது, அவர் முடிக்கும் வரை குறுக்கிடாமல் ஒருமுறையேனும் முழுமையாகக் கேட்கவும். அப்போது எழுந்த அறிவுரைகளுள் எத்தனை உண்மையில் தேவைப்பட்டன என்று பின்னர் எண்ணிப் பார்க்கவும்.

5. முடிவு எதுவாயினும் அன்று மாலை வீட்டில் என்ன நடக்கும் என்பதை முன்னரே தீர்மானிக்கவும். பிள்ளைக்குப் பிடித்த உணவும், அனைவரும் சேர்ந்து அமரும் ஒரு வேளையும் அன்று உறுதி என்பதைப் பிள்ளை இப்போதே அறிந்திருக்கட்டும்.